திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் நான் எடுத்த சட்ட வகுப்பு

சட்டம் தெரியாதவர்களால் ஊருக்குப் பெரிய தொல்லை இல்லை. சட்டம் பற்றி அரை வீடியோ பார்த்தவர்களால்தான் தொல்லை. இருபது வயதில் நான் அந்த ரகம்.

இன்ஜினியரிங் கல்லூரியில் புகைப்படக் குழுவுக்கு நான்தான் தலைவி. (உறுப்பினர்கள் நால்வர், கேமரா ஒன்று. அதுவும் என் சித்தப்பாவுடையது.) ‘பொது இடத்தில் யாரையும் படம் எடுக்கலாம்’ என்று வீடியோவில் ஒருவர் சொன்னார். ‘ஆனால்’ என்று அவர் அடுத்து ஆரம்பித்தபோது நிறுத்திவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதே!

அம்மாவிடம் லேப் எக்ஸாம் என்று சொல்லிவிட்டு, ஒரு போட்டிக்குப் படம் எடுக்கத் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஓர் அக்கா முழு மிளகாய் பஜ்ஜியையும் வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உப்பிய கன்னம், காரத்தில் கலங்கிய கண். மூன்றடி தூரத்தில் மண்டியிட்டு ஏழெட்டுப் படம் தட்டினேன்.

மென்று முடித்துவிட்டுக் கேட்டார்: “ஏஞ்சாமி, என்னையவா போட்டோ புடிச்சே?”

“ஆமாங்க்கா.”

“அழிச்சுரு கண்ணு. வாயி நெறையா பஜ்ஜி வெச்சிருந்தேன்.”

அழித்திருக்கலாம். இரண்டு நிமிட வேலை. நானோ எழுந்து நின்று, ஈரோடு பஸ்ஸுக்கே கேட்கும் குரலில், “இது பொது இடமுங்க. சட்டப்படி நான் யார வேணும்னாலும் எடுக்கலாம். உங்க அனுமதி தேவையில்லீங்க!” என்றேன். கூட்டம் சேரச் சேர எனக்குக் குரல் ஏறியது.

அக்கா கோபப்படவில்லை. கையைத் துடைத்துவிட்டு செல்போனை எடுத்தார். “அப்ப நானும் எடுக்கலாமுங்களா?”

“தாராளமா எடுங்க!”

“இன்னொருக்கா சொல்லு சாமி. எந்தூரு, யாரு பொண்ணுன்னும் சொல்லு.”

சொன்னேன். மல்லசமுத்திரம், ரிக் வண்டி செல்லமுத்து பொண்ணு என்று, விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

அக்காவின் வீட்டுக்காரரும் அப்பாவைப் போலவே போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர் என்பது எனக்குத் தெரியாது. அக்கா நான் பேசிய வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க, போர்வெல் போடுகிறவர்கள் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். நான் ஏறிய பஸ் ஊருக்கு வருவதற்குள் வீடியோ வந்துவிட்டது.

“எக்ஸாம் எப்படி?” என்றார் அம்மா.

“ஈஸிம்மா.”

அம்மா போனைத் திருப்பினார். உள்ளே நான் விரலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அழுகை முட்டியது. “என்னையக் கேக்காம எப்படிம்மா எல்லாருக்கும் அனுப்பலாம்?”

அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: “பொது இடமாச்சே சாமி.”

அன்று சாயங்காலம் அப்பா நம்பர் வாங்கித் தர, அக்காவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். எல்லாப் படத்தையும் அழித்துவிட்டு, அதையும் சொன்னேன். அவரும் உடனே ஸ்டேட்டஸை எடுத்துவிட்டார். “கேட்டிருந்தா தலைய சீவிட்டு உக்காந்திருப்பனே கண்ணு,” என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. அந்த ‘ஆனால்’ வீடியோவையும் அன்றே முழுதாகப் பார்த்தேன்.

இப்போதெல்லாம் தெரியாத முகம் என்றால் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். ஆனால் சொந்தக்காரர்களுக்கு நான் இன்னமும் ‘வக்கீலம்மா’தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பெரியப்பா அப்படிக் கூப்பிட்டுவிட, மாப்பிள்ளையின் அம்மா மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பொண்ணு வக்கீலுங்களா? எந்தக் கோர்ட்டுங்க?”

அப்பா காபி டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுங்க.”