ரோடு குலுக்கிய குடம்

ஷேர் ஆட்டோ ஓட்டும் நாகப்பன் தன் சொந்த வீட்டைக் குலுக்கலில் விடத் துணிந்தது பேராசையால் அல்ல. தண்டலத்தில் இருக்கும் மகள் வேல்விழி, பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கேயே வந்துவிடச் சொல்லிவிட்டாள். சேரப்பணஞ்சேரி வீட்டை விற்கலாம் என்றால், வந்த புரோக்கர் அத்தனை பேரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: "மனை போதும். வூட்ட இடிச்சிட்டுக் குடு." ஆட்டோ ஓட்டிய காசில் செங்கல் செங்கலாகக் கட்டிய வீடு! 

"இடிக்கிறவனுக்கு இல்ல, குடியிருக்கிறவனுக்குத்தான் குடுப்பேன்," என்றான் நாகப்பன், மனைவி கங்காவிடம்.

ஐந்நூறு ரூபாய் வீதம் ஆயிரம் சீட்டு. ஓர் அறையில் எட்டுப் பேர் ஷிப்ட் போட்டுத் தூங்கும் கம்பெனிப் பையன்கள் முண்டியடித்து வாங்கினார்கள். முதல் சீட்டை வாங்கிக் குடத்தில் முதலில் போட்டவன் சங்கரன்கோவில் பக்கத்து மாரிசெல்வம். "காலை நீட்டிப் படுத்து ரெண்டு வருசம் ஆச்சு அண்ணாச்சி," என்றான்.

ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தபோது, குலுக்கல் ஒழிப்புப் பிரிவின் தனி அலுவலர் நம்பிராஜன் அவர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

"லாட்டரியை ஒழிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார். இது லாட்டரி இல்ல, வூடு."

"குலுக்குவியா, மாட்டியா?"

"குலுக்காம எப்படி சார்?"

"அங்கதான் குற்றம். வீடு குற்றமில்லை. சீட்டு குற்றமில்லை. குடமும் குற்றமில்லை. குலுக்குதல் மட்டுமே குற்றம். குடத்தைத் தொட்டு ஆட்டினால் நீ உள்ளே, வீடு ஜப்தி!"

சொல்லிவிட்டு, ஆய்வின் பொருட்டு அந்தக் கடைசிச் சீட்டைக் காசில்லாமல் எடுத்துக்கொண்டார். அதில் தம் மனைவி சரோஜாவின் பெயரை எழுதிக் குடத்துக்குள் மேலாகப் போட்டு, துணி கட்டி, அரக்கு முத்திரையும் வைத்தார்.

நாகப்பன் தலையைச் சொறிந்தான். "சரி சார், நான் தொடல. குடத்த நீயே மடியில வச்சிக்க. ஒரகடம் கூட்டு ரோடு வரைக்கும் ஆட்டோல வா. சனத்துக்கு முன்னால சீல உடச்சி ஒரு சீட்டு எடுத்துக்கலாம்."

குடம் பயணம் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அலுவலர் ஏறி உட்கார்ந்தார்.

அடேயப்பா, அந்த ரோடு! கன்டெய்னர் லாரிகள் உழுது போட்டிருந்தன. நாற்று நடாததுதான் பாக்கி. குடம் எகிறியது, அதைக் கட்டிப் பிடித்திருந்த அலுவலரும் எகிறினார். கூட்டு ரோடு வந்தபோது அவர் மூக்குக் கண்ணாடி சட்டைப் பைக்குள் கிடந்தது.

சீலை உடைத்தார்கள். இட்லிக்கடை ஜாஸ்மின் கண்ணை மூடிக்கொண்டு மேலாகக் கிடந்த ஒரு சீட்டை எடுத்தாள். ஒன்றாம் நம்பர்! மாரிசெல்வம் "ஏ யம்மா!" என்று ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

"நிறுத்துங்க!" அலுவலர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "குடம் குலுக்கப்பட்டது. கேஸ்!"

"நானா குலுக்கினேன்? ரோடு குலுக்கிச்சு. ரோடு சர்க்காருது. அது மேல போடு கேஸ. குடம் உன் மடியிலதான இருந்திச்சு, நீயும் கூட்டாளி!"

 ரோட்டின் மேல் கேஸ் என்ற சேதி எட்டி, ரோடு இலாகா அதிகாரி ஓடி வந்தார். "போன வருஷம்தான் புது ரோடு போட்டதா பைலில் இருக்கு. பைல்படி இந்த ரோடு குலுங்காது!"

இருவரும் ஆட்டோ நிழலில் கூடிப் பேசி, சான்றிதழ் தயாரித்தார்கள்: 'மேற்படி சாலையில் எவ்விதக் குலுக்கமும் இல்லை. எனவே குலுக்கலும் நடைபெறவில்லை.'

"அப்போ கேஸ் இல்லியா?" என்றான் நாகப்பன்.

"இல்லை. ஆனால், குலுங்காத குடத்தில் அடிச்சீட்டு மேலே வர வழியில்லை. மேலே இருந்தது சரோஜாவின் சீட்டு. ஆகவே வீடு சரோஜாவுக்கு," என்றார் நம்பிராஜன்.

"என்ன சார் இப்படிச் சொல்லுதீய!" மாரிசெல்வம் பதறினான். "எல்லாரும் பார்த்தாகளே!"

"அப்படியா? ரோடு குலுங்குதுன்னு யார் கையெழுத்துப் போடுறீங்க?"

நாகப்பனும் மாரிசெல்வமும் கை தூக்கினார்கள். வீட்டுக்காரன் சாட்சியும் சீட்டு விழுந்தவன் சாட்சியும் செல்லாது என்றார்கள். நாகப்பன் கூட்டத்தைப் பார்த்தான். தினமும் அவன் ஆட்டோவில் இடுப்பொடிய வருகிறவர்கள்தான் எல்லாரும். ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்குப் போட்டார்கள்: அலுவலர் மனைவிக்கே வீடு என்பதெல்லாம் நிற்காது, மாரிசெல்வத்துக்கு விழுந்தது ரத்தானால் மறுபடி எடுப்பார்கள், நமக்கு விழுந்தாலும் விழும். ஒருவர் பின் ஒருவராக வந்து, 'குலுங்கவில்லை' என்று கையெழுத்துப் போட்டார்கள். மறுபடி எடுக்கவே இல்லை. தூ, இவர்களும் மனுஷர்களா என்றிருந்தது நாகப்பனுக்கு.

சரோஜா அம்மாள் தட்டுமுட்டுச் சாமானோடு குடி வந்தார். வழியிலேயே கண்ணாடி பீரோ தூள், அலுவலரின் இடுப்பெலும்பு விலகல். ரோட்டைச் சீர் செய்யக் கோரி அலுவலர் எழுதிய மனுவுக்கு, அவரே கையெழுத்திட்ட சான்றிதழின் நகல் பதிலாக வந்தது. இந்த ரோட்டில் வாழ முடியாதென்று வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இருவரும் கிளம்பிப் போனார்கள். இப்போது அங்கே குடியிருப்பது மாரிசெல்வமும் இன்னும் ஏழு பேரும். ஷிப்ட் போட்டுத் தூங்குகிறார்கள்.

நாகப்பன் தண்டலத்திலிருந்து வந்து அதே ரோட்டில்தான் ஓட்டுகிறான். பள்ளத்தில் ஆட்டோ எகிறும்போதெல்லாம், "இன்னா நாகப்பா, இந்த ரோட்ட எவனும் கேக்க மாட்டானா?" என்று பின்னாலிருந்து யாராவது அலறுவார்கள்.

நாகப்பன் திரும்பாமலே சொல்லுவான்: "குலுங்கலன்னு கையெழுத்துப் போட்டவன்தானே நீ? கம்முனு குந்து."