மூன்றாம் விதிப்படி

அக்காவின் கார் வாசலில் வந்து நின்றபோது, அலீர் கோத்ரோ கொட்டகையில் இருந்த ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். கையில் இருநூறு வருடத்து மாதா கோயில் பதிவேடு. அதை பிளாஸ்டிக் பையில் சுற்றி, சிங்கி இரால் கூண்டுக்கு இரையாக வைத்திருந்த மீன் மூட்டைகளுக்கு அடியில் திணித்துவிட்டு, மூடியைச் சாத்தி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

எக்ஸில்டா உள்ளே வந்தார். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே திருட்டைக் கண்டுபிடித்தவர்.

"எதுக்குடா ஐஸ் பெட்டி மேல உக்காந்திருக்க?"

"இடுப்பு வலிக்கா. குளிர்ச்சி பட்டா கொஞ்சம் கேக்குது."

எக்ஸில்டா நம்பினாரா இல்லையா என்பது தெரியவில்லை. பழைய பதிவேட்டை எடுத்துப் போக வந்ததாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஊருக்கே காட்டப் போகிறாராம். பதிவேடு ஈரம் பட்டுப் போயிருந்தது, நகரத்தில் ஒருவரிடம் காயவைக்கக் கொடுத்திருக்கிறேன் என்று அலீர் அளந்துவிட்டார். அறுபத்திரண்டு வயதில் அக்காவிடம் முதல் முறையாகப் பொய், அதுவும் அடுத்தடுத்து இரண்டு. உட்கார்ந்த இடம் விறைத்தது.

விஷயம் இதுதான். ஊரில் பாதிப் பேர் கோத்ரோக்கள். இங்கிலீஷ்காரர்கள், பிரெஞ்சு பேசும் அக்காடியர்களின் வீடு வாசலைக் கொளுத்தி அவர்களைக் கப்பலேற்றி அனுப்பிய காலத்தில், பாஸ்டனிலிருந்து காலால் நடந்தே திரும்பி வந்த பார்னபே கோத்ரோவின் வம்சம் என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள். குடும்பத்தின் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் பதினான்கு பெட்டிகளில் சாமியார் வீட்டு மாடியில் கிடந்தன. அந்த வீட்டை விற்கப் போகிறார்கள். பதிவு செய்த குடும்பச் சங்கம் ஒன்று, தன் உறுப்பினர்களின் ஓட்டோடு, அக்காடியர் பெருநாளான ஆகஸ்ட் பதினைந்து, அதாவது இந்த ஞாயிறு, மாலை ஆறு மணிக்குள் அவற்றை ஏற்றுக்கொண்டால் பெட்டிகள் ஊரில் இருக்கும். இல்லையென்றால் ஆயர் இல்லத்து லாரி அவற்றை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போய்விடும்.

ஆறு வருடம் அலீர் இதற்காகவே உயிரை விட்டார். நானூற்றுச் சொச்சம் அட்டைகளில் வம்சத்தை எழுதினார். சங்கத்துக்கு விதிகள் வகுத்து, அரசாங்க முத்திரையும் வாங்கிவிட்டார். அதில் மூன்றாம் விதி அவருடைய சொந்தக் குழந்தை: பார்னபேயின் ரத்தத்தில் வந்தவரே உறுப்பினர், தத்து வந்தது, வாழ்க்கைப்பட்டு வந்தது, வெறும் பெயரில் ஒட்டிக்கொண்டது எதுவும் செல்லாது.

புதன்கிழமை, கண்காட்சிக்கு அழகான பக்கமாக ஒன்று தேடியபோது, 1794-ஆம் வருடத்து அடக்கக் குறிப்புகளில் அவர் கண் விழுந்தது. அடக்கப் பக்கங்களை அவர் அதுவரை ஊன்றிப் படித்ததில்லை. செத்தவர்களால் வம்சம் வளர்வதில்லையே. ஓர் இங்கிலீஷ் கப்பல் பாறையில் மோதியதில் இறந்த ஏழு மாலுமிகளைப் புதைத்திருக்கிறார்கள். அடியில் பொடி எழுத்தில் சாமியார் எழுதியிருந்தார்: அதே கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய இரண்டு வயது ஆண் குழந்தை, பேசும் ஓரிரு சொல்லும் இங்கிலீஷ், முன்பே ஞானஸ்நானம் ஆனதா என்று தெரியாததால் நிபந்தனையோடு ஞானஸ்நானம், பெயர் அஞ்ஜ். பார்னபேயின் ஒரே மகன் ஃபிர்மேனும் அவன் மனைவியும் பிள்ளையில்லாததால் எடுத்து வளர்க்கிறார்கள்.

அலீர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவருடைய அட்டைகளில் ஒன்று விடாமல் எல்லா வழியும் அந்த அஞ்ஜிடம்தான் போய் முடிந்தது. சேர விண்ணப்பம் கொடுத்திருந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூட பார்னபேயின் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது. அவருக்கும் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஒரு முடிவோடு சங்கக் கூடத்துக்குப் போனார். மூன்றாம் விதியையே எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது. எக்ஸில்டா அங்கே சமையலறையில், ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சாமான் பட்டியல் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எஃபி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எஃபி பாலத்துக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரர்களின் ஊர். அவர்கள் வேறு சபை. அங்கே பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. ஆனால் கோழி ஃப்ரிகோ என்ற குழம்பு அவள் கைக்கு வருவதுபோல இந்தப் பக்கத்தில் ஒருத்திக்கும் வரவில்லை என்பதால், பெருநாள் விருந்தை மட்டும் எல்லாரும் பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடமே விட்டிருந்தார்கள்.

அலீர் தொண்டையைச் செருமினார். மூன்றாம் விதி கொஞ்சம் கடுமையாக இருக்கிறதோ என்று தனக்கே தோன்றுவதாக ஆரம்பித்தார்.

எக்ஸில்டா பென்சிலைக் கீழே வைத்தார். "நான் வேணாம்னு சொன்னப்ப என்னடா பண்ணின? ஆறு மாசம் என்கூடப் பேசல. உன் அண்ணன் எட்மண்டோட பொண்ணு ரோஸெல்லா, பாவம், உன் அட்டை அத்தனையும் டைப் அடிச்சுக் கொடுத்தா. அவ தத்துப்பிள்ளைங்கிற ஒரே காரணத்துக்காக, நாற்காலி போட வா, ஓட்டுப் போட வராதேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன. அழுதுக்கிட்டே போனா. இப்ப வந்து கடுமையா இருக்குங்கிற?"

"தப்புதாங்கா."

"தப்போ சரியோ, முத்திரை விழுந்தாச்சு. இனி கூட்டத்துல ஓட்டெடுத்துத்தான் மாத்த முடியும். நூறு பேர் முன்னாடி என்ன காரணம் சொல்லுவ?"

காரணம் ஐஸ் பெட்டிக்குள் மீனுக்கு அடியில் இருந்தது.  எக்ஸில்டா அதோடு விடவில்லை. பதிவேடுதான் காயப் போயிருக்கிறதே என்று அவர் முந்தின நாளே ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டுவிட்டாராம். அந்தக் காலத்துச் சாமியார்கள் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எழுதுவார்கள். இரண்டாம் பிரதியை ஆயர் இல்லத்தாரே ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறார்கள். அதிலிருந்து வம்சத்தைத் தானே மேடையில் உரக்க வாசிக்கப் போவதாகவும் சொன்னார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார்.

அலீர் தன்னையே நொந்துகொண்டார். பொய் சொல்லாமல் பதிவேட்டைக் கொடுத்திருந்தால்கூட அந்தப் பக்கத்தைத் தவிர வேறு பக்கத்தைத் திறந்து வைத்துச் சமாளித்திருக்கலாம்.

சனிக்கிழமை அவர் ரோஸெல்லாவிடம் போனார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். விடுமுறைக் காலமாதலால் வீட்டில் இருந்தாள். நிகழ்ச்சி நிரலை மறுபடி டைப் அடிக்க வேண்டும், நேரம் குறைவு, வாசிப்பில் 1790-லிருந்து 1800 வரை வேண்டாம் என்றார். ரோஸெல்லா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. பிறகு தாளைச் சொருகி அடித்துக் கொடுத்தாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் புது நிரலைப் பார்த்த எக்ஸில்டா அவளுக்கே போன் போட்டு, எதற்காக மாற்றம் என்று கேட்டார். ரோஸெல்லாவுக்குப் பொய் வராது. அந்தப் பத்து வருடம் சித்தப்பாவுக்கு வேண்டாமாம் என்று உள்ளதைச் சொன்னாள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பிரதி வந்து இறங்கியதும் எக்ஸில்டா முதல் வேலையாக அந்தப் பத்து வருடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து, அங்கே ஒரு சிவப்பு நாடாவைச் சொருகி வைத்தார்.

கூட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கியது. ஆறு மணிக்குப் பெருநாள் வழக்கப்படி ஊரே பானை சட்டியைத் தட்டிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போகவேண்டும். பிள்ளைகள் மடியில் மூடிகளும் கரண்டிகளுமாகக் காத்திருந்தார்கள். வெளியே லாரி நின்றது. ஆயர் இல்லத்து அலுவலர் முன்வரிசையில், கையெழுத்துப் போடவேண்டிய தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எக்ஸில்டா பார்னபேயிலிருந்து ஆரம்பித்தார். பாஸ்டனிலிருந்து நடந்து வந்த இடத்தில் கைதட்டல். ஃபிர்மேன் கல்யாணத்துக்குக் கைதட்டல். பக்கம் திருப்பிக் கொடுக்கும் வேலையைக் கெஞ்சி வாங்கியிருந்த அலீர், நாடா வந்த இடத்தில் மூன்று தாள்களைச் சேர்த்துத் திருப்பினார். எக்ஸில்டா அவர் புறங்கையில் ஓர் அடி வைத்து, தாளைப் பின்னால் தள்ளி, வாசித்தார்.

கப்பலை வேகமாக வாசித்தார். மாலுமிகளையும் வாசித்தார். குழந்தையிடம் வந்தபோது குரல் இறங்கியது. அஞ்ஜ் என்ற பெயரை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கூடத்தில் ஒரு மூடிகூட இடிபடவில்லை.

"அலீர், இதுக்கு என்னடா அர்த்தம்?"

அலீர் எழுந்து நின்றார்.  புதன்கிழமையே தெரியும் என்றார். பதிவேடு எங்கேயும் போகவில்லை, வீட்டு ஐஸ் பெட்டியில் மீனுக்கு அடியில் இருக்கிறது என்றார். இங்கே இருக்கிற யாருமே பார்னபேயின் ரத்தம் இல்லை, எல்லாரும் அந்தக் கப்பல் குழந்தையின் பிள்ளைகள் என்று சொல்லி முடித்தபோது அவருக்கு வெட்கத்தில் காது எரிந்தது. பிறகு கூடத்தின் கடைசியில், சுவரோரம் நின்றிருந்தவளைப் பார்த்தார்.

"ரோஸெல்லா, எடுத்து வளர்த்த பிள்ளைன்னு உன்னை வெளியில நிறுத்தினேன். நானே எடுத்து வளர்த்த பிள்ளையோட வம்சம்தான். என்னை மன்னிச்சிடும்மா."

ரோஸெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எக்ஸில்டா மூக்கை உறிஞ்சிவிட்டுச் சங்கத் தலைவராக மாறினார். மூன்றாம் விதியை நீக்க ஓட்டு, சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். நூற்றுப் பன்னிரண்டு கைகளும் உயர்ந்தன. அலீருக்கு நாலு நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

"ஒரு நிமிஷம்," என்றார் அலுவலர். விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சுவரோரத்திலிருந்து ரோஸெல்லா மெதுவாகச் சொன்னாள். "சித்தப்பா, அஞ்சாம் விதி. விதியை மாத்த உறுப்பினர்தான் ஓட்டுப் போடணும். மூணாம் விதிப்படி இங்க உறுப்பினரே கிடையாது. நான்தானே டைப் அடிச்சேன்."

அலுவலர் வருத்தத்தோடு தலையாட்டினார். தனக்கு ஓர் உறுப்பினர் போதும், சட்டப்படி ஒரே ஒருவர் கைதூக்கினாலும் கையெழுத்துப் போட்டுவிடலாம், ஆனால் யாருமே இல்லாத சங்கத்திடம் பெட்டிகளை எப்படி ஒப்படைப்பது என்றார். விதிகளைப் புதிதாக எழுதிப் பதிவு செய்ய மாதக்கணக்காகும். மணி ஆறுக்குப் பத்து நிமிடம். வெளியே லாரிக்காரன் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

தூக்கிய கையைக் கீழே போட யாருக்கும் மனம் வரவில்லை. அலீருக்கு அழுகை வந்தது. ஆறு வருடம் ஊரார் யாரையும் உள்ளே விடாமல் இழுத்துப் பூட்டிய கதவு. இப்போது அவரே வெளியே நின்றார்.

"பார்னபேவுக்கு வேற பிள்ளையே இல்லையாடா?" என்று எக்ஸில்டா கேட்டார். குரல் கெஞ்சியது.

"மாத்தூரின்னு ஒரு பொண்ணு. ஞானஸ்நானம் இருக்கு. அதுக்கப்புறம் கல்யாணமும் இல்ல, அடக்கமும் இல்ல. சின்ன வயசுலயே செத்திருப்பான்னு நான்தான் அட்டையில சிலுவை போட்டேன்."

"சாகல," என்று சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லாத் தலைகளும் திரும்பின. எஃபி இடுப்பில் கட்டிய சமையல் துணியில் ஒரு கையைத் துடைத்தபடி, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்தூரின் தன் அப்பனிடம் சொல்லாமல் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஓடி வந்து தங்கள் வீட்டில் வாழ்க்கைப்பட்டாள், அவள் பெயரும் அவள் அப்பன் பெயரும், அவளிலிருந்து தன்வரை அத்தனை பேரும் வீட்டு பைபிளின் முதல் பக்கத்தில் இருக்கிறார்கள், ஓடிப் போனால் எடுத்து வர ஐந்து நிமிடம் என்றாள்.

அலுவலர் பேனா மூடியைக் கழற்றினார்.

எஃபி கரண்டியோடு வலது கையை உயரத் தூக்கினாள். "மூணாம் விதிப்படி ஓட்டு என்னோடது ஒண்ணுதான். இங்கிலீஷ்காரங்க எல்லாரும் கையைக் கீழ போடுங்க."