கத்திரிப்பூ கலர் தாத்தா

தியாகதுருகம்,
டிசம்பர் 18

அன்பு மச்சான் தமிழரசனுக்கு, உன் மாமா தங்கதுரை எழுதிக்கொண்டது.

களமருதூரில் நீயும் பிள்ளைகளும் நட்ட நாற்றும் நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன். இங்கே உன் அக்கா ராஜாம்பாள் மிகவும் சௌக்கியம். நான்கு நாளாக என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்ததில் அவளுடைய முழங்கால் வலியே குறைந்துவிட்டது. நான் சௌக்கியமில்லை. காரணம் உன் மூத்த மகன் இளஞ்செழியன். போனில் சொன்னால் நீயும் பாதியிலேயே சிரித்துவிட்டு வைத்துவிடுவாய். ஆகையால் கடிதம். உட்கார்ந்து முழுதும் படிக்கவும்.

உன் மகன் சென்னையில் விளம்பரப் படிப்பு படித்து வந்து, கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறை பிடித்து, 'பிராண்ட் ஆலோசகர்' என்று போர்டு மாட்டியிருப்பது உனக்குத் தெரியும். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், சாப்பிடக்கூட உட்காராமல் என் முகத்தையே உற்றுப் பார்த்தான். "மாமா, எழில்மதி ஸ்டோர்ஸ் ஜவுளிக்கடைக்கு ஒரு கிறிஸ்மஸ் தாத்தா வேணும். வெள்ளைத் தாடி, தொந்தி, ரெண்டும் உங்ககிட்ட சொந்தமா இருக்கு" என்றான். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக நின்றுகொண்டே வேலை பார்த்தவன் நான். ஜீப்பில் உட்கார்ந்து கையசைக்கிற வேலை என்றதும் ஒத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

மறுநாளே கடை முதலாளி பூமாலையும் உன் மகனும் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தத் தாத்தாவைப் பிரித்து மேய ஆரம்பித்தார்கள். சிவப்பு பழைய கலராம், கடைப் பை கத்திரிப்பூ கலர் என்பதால் தாத்தாவும் கத்திரிப்பூ கலராம். வெள்ளைத் தாடி இளைஞர்களிடம் எடுபடாதாம், அதனால் கருப்புச் சாயம் அடித்தார்கள். தொந்தி சோம்பேறித்தனத்தைக் காட்டுமாம், அதை ஒரு பெல்ட்டு போட்டு இறுக்கினார்கள். எந்தத் தொந்திக்காகக் கூப்பிட்டானோ அதையே அமுக்கிப்புட்டான் மச்சான். ஹோ ஹோன்னு சிரிக்கக் கூடாதாம், "எழி எழி எழில்மதி"ன்னு சிரிக்கணுமாம். அப்படி எவன் சிரிப்பான்? மூட்டையில இன்னா இருக்குதுன்னு பார்த்தேன், பூரா கடை நோட்டீஸு. "டேய், அந்தத் தாத்தா புள்ளைங்களுக்கு எதனா குடுக்கறவருடா"ன்னேன். "அது பழைய கான்செப்ட் மாமா. இவரு கடைக்குக் கூப்பிடற தாத்தா"ன்னான். நரை இல்ல, தொந்தி இல்ல, குடுக்கறதும் இல்ல, அப்புறம் அது தாத்தாவா, இன்சூரன்ஸ் ஏஜென்டா?

ஞாயித்துக்கிழமை காலையில ஜீப்பு கெளம்பிச்சு. மொதல்ல சர்ச்சு வாசல். அங்க பாட்டு கத்துக் குடுக்கற டீச்சர் செந்தமிழ்ச்செல்வி கைகூப்பி, "ஐயா எந்தக் கட்சிங்க?"ன்னு மரியாதையா கேட்டாங்க. "நான் கிறிஸ்மஸ் தாத்தாங்க"ன்னேன். அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "அவரு எப்பங்க மாறினாரு?"ன்னாங்க. ஊர்ல ஒரு குழந்தைகூட கிட்ட வரலை. ஒண்ணு அழுதுச்சு. உன் மகன் அதையும் போன்ல படம் புடிச்சுக்கினு, "ரீச்சு ஜாஸ்தி மாமா"ங்கறான்.

சமவெளியில எடுபடலைன்னதும் மலைக்குப் போலாம்னுட்டான். வெள்ளிமலையைத் தாண்டி மேல்பலாப்பட்டுன்னு ஒரு சின்ன ஊரு. நான் வேலையில இருந்தப்ப காலையில அஞ்சே முக்காலுக்கு என் பஸ்ஸு கெளம்பற ஊரு. மைக்குல "எழி எழி"ன்னதும் சாமை அடிச்சுக்கினு இருந்தவங்க எல்லாம் ஓடியாந்து ஜீப்பை சுத்திக்கினாங்க. கலர் உடுப்பு, ஜீப்பு, மைக்கு, கையாட்டறது, பின்ன இன்னா நினைப்பாங்க? ஆளுக்கொரு மனுவை மூட்டையில போட ஆரம்பிச்சுட்டாங்க. அப்ப கூட்டத்தை விலக்கிக்கினு இருசம்மாள்னு ஒரு அம்மா வந்துச்சு. தெனம் என் பஸ்ல மக பூங்கொடியைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்தி விட்ட அம்மா. தாடியைக் கிட்ட வந்து பார்த்துச்சு.

"நீ காலை பஸ்ஸு கண்டக்டர்தானே? தாடிக்கு மை பூசிக்கினா தெரியாதா? பஸ்ஸ எங்க வுட்டுட்டு வந்த?"

நான் ரிட்டயர் ஆயிட்டேன்னேன் மச்சான். போன வருஷ மழையில ரோடு அரிச்சுதுன்னு பஸ்ஸை நிறுத்தினாங்களாம். ரோடு போட்டு எட்டு மாசம் ஆச்சாம், பஸ்ஸு மட்டும் வரலையாம். பொண்ணுங்க ஏழு கிலோமீட்டர் காட்டு வழியா நடக்குதுங்களாம். ரெண்டு பொண்ணுங்க படிப்பையே வுட்டுடுச்சாம், அதுல ஒண்ணு பூங்கொடி. எங்கூட "ரைட், போலாம்"னு கத்திக்கினு வந்த பொண்ணு. அந்தம்மா இதைச் சொல்லி கண்ணைத் தொடைக்குது, உன் மகன் போனை நீட்டி, "அம்மா, இதையே கொஞ்சம் சிரிச்ச மாதிரி, நம்ம பை தெரியற மாதிரி இன்னொரு தபா சொல்லுங்க"ங்கறான்.

கையில இருந்த மைக்கைத் தூக்கி ஜீப்புக்குள்ள எறிஞ்சேன். நோட்டீஸை எல்லாம் அவன் தலையில கொட்டினேன். மனுவை மட்டும் மூட்டையில கட்டிக்கினு எறங்கி நடந்தேன். வெள்ளிமலை வந்து பஸ் புடிச்சேன். என்கூட வேலை பார்த்தவங்க இருக்கற பஸ்ஸு. டிக்கெட்டு கேக்க வந்தவன் சிரிச்ச சிரிப்புல ரெண்டு வளைவு தாண்டிடுச்சு.

உன் மகன் இன்னும் மன்னிப்புக் கேக்கலை. நான் மைக்கை எறிஞ்ச வீடியோவை நெட்டுல போட்டு, 'கோபக்காரத் தாத்தா'ன்னு பேரு வெச்சு வுட்டிருக்கான். கடையில கூட்டமாம். பூமாலை ரொம்ப சந்தோசமாம். ஒரு தாத்தாவை இந்தக் கதிக்குக் கொண்டாந்தவனுங்க நாளைக்குப் பொங்கல் பானையையும் வுட மாட்டானுங்க, சொல்லிட்டேன். அந்த உடுப்பை அடுப்புல வெச்சுக் கொளுத்திட்டேன். இனிமே செத்தாலும் அந்த வேசம் போட மாட்டேன். அந்த மனுவை நாளைக்குக் கலெக்டர் ஆபீசுல நானே, வெள்ளை வேட்டி சட்டையில, மனுசனாட்டம் போய்க் குடுக்கப் போறேன். மகனைக் கூப்பிட்டுக் கண்டித்து வைக்கவும்.

உன் வயலுக்கு நல்ல தண்ணீரும், உனக்கு நல்ல பசியும், உன் மகனுக்குக் கொஞ்சம் புத்தியும் கிடைக்க ஆசீர்வதிக்கிறேன். தங்கச்சிக்கும் சின்னவர்களுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

உன் மாமா,
தங்கதுரை

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் ஒரு வாரம் வைத்திருந்தேன். ஆபீசுக்கு வெள்ளை வேட்டியில மூணு நாள் போனேன். ஒரு நாள் மீட்டிங்கு, ஒரு நாள் சாப்பாட்டு நேரம், ஒரு நாள் வாசல்ல இருக்கறவனே "நாளைக்கு வா பெரியவரே"ன்னுட்டான். உடுப்பைக் கொளுத்தினதா மேலே எழுதினது கோபத்துல எழுதினது, உன் அக்கா தொவைச்சு மடிச்சு வெச்சிருந்தா. நேத்து அதையே மாட்டிக்கினு போனேன். "கோபக்காரத் தாத்தா வந்துட்டாரு!"ன்னு நாற்காலி போட்டாங்க, டீ குடுத்தாங்க, பெரிய அதிகாரி வெளிய வந்து என் தோள்ல கை போட்டுப் படம் எடுத்துக்கினு, தை ஒண்ணாம் தேதி முதல் மேல்பலாப்பட்டு பஸ்ஸுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. பூங்கொடியைத் திரும்பச் சேர்க்கறதுக்கு அவ பள்ளிக்கூட டீச்சர்கிட்டப் பேசியாச்சு. இப்ப இன்னும் நாலு ஊர்லேர்ந்து ஆள் அனுப்பியிருக்காங்க, ஒரு உடுப்பு பத்தலை. மகனைத் திட்ட வேணாம். தொவைச்சு மாத்திக்க இன்னொண்ணு தைக்கச் சொல்லு. கலரை மட்டும் மாத்திட வேணாம்னு கண்டிப்பா சொல்லு, ஆபீஸ்ல இப்பத்தான் பழகியிருக்காங்க.