அத்தை பாட்டு என்ன எடை?

மேடை கிடைத்தால் மேடையிலும், கிடைக்காவிட்டால் குளியலறையிலும் பாடிவரும் மதிப்புக்குரிய அத்தை அவர்களின் சமூகத்துக்கு, அண்ணன் மகன் திருகாணி பணிவோடு எழுதிக்கொள்ளும் அறிக்கை.

இங்கே அப்பா, அம்மா, நான், என் கணக்கு மார்க் ஆகிய நால்வரில் மூவர் நலம். அங்கே நீங்களும் உங்கள் கிட்டாரும் நலம் என்று நம்புகிறேன்.

முதலில் முக்கிய அறிவிப்பு. கடந்த செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, நம் வீட்டு முன்னறையில், குடும்பத்தினர் அனைவரும் எழுந்து நிற்க, ஒரு சிடியின் மேல் ஒட்டியிருந்த பளபளத் தாள் வெற்றிகரமாக உரிக்கப்பட்டது. இந்நிகழ்வில் அம்மாவின் நகம் ஒன்றும் அப்பாவின் பொறுமை முழுவதும் காலமாயின. கடைசியில் பல்லால் கடித்துத் திறந்துவைத்து விழாவைச் சிறப்பித்தவன் அடியேன்.

சிடி யாருடையது என்று கேட்கமாட்டீர்கள். மேலே உங்கள் முகம்தான் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் அட்டை வந்ததே, அன்றைக்கே சண்டை ஆரம்பித்துவிட்டது அத்தை. ‘ஒன்பது பாட்டு வெளிவந்துவிட்டது, சிடியாகவும் வாங்கலாம், டவுன்லோடாகவும் வாங்கலாம், உங்கள் இஷ்டம்’ என்று எழுதியிருந்தீர்கள். இஷ்டம் என்ற சொல்லை நம் வீட்டுக்கு அனுப்பலாமா? அம்மா உடனே போனில் டவுன்லோடு வாங்கிவிட்டாள். தமிழில் பதிவிறக்கம். ஆனால் அப்பாவிடம் அதற்கு இரக்கமே இல்லை. இருபது வருடமாகப் பார்சல் ஆபீஸ் நடத்துகிறவரிடம் போய் “இறக்கிட்டேங்க” என்றால் விடுவாரா?

“எங்க இறக்கின?”

“போன்லதாங்க.”

“எத்தனை உருப்படி?”

“ஒம்பது.”

“யார் கையெழுத்துப் போட்டு வாங்கினா?”

“ஐயோ, இதைத் தட்டினா பாட்டு வரும், அவ்வளவுதான்.”

“தட்டே இல்லாம எதைத் தட்டுவ? இசைத்தட்டுன்னு சும்மாவா பேர் வெச்சான்?”

மறுநாள் காலை அம்மாவின் போனை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய், சின்ன பார்சலுக்கான எடை மெஷினில் வைத்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிராம். பெட்டியில் அச்சடித்திருந்ததும் அதே நூற்றுத் தொண்ணூற்றெட்டு. “பார்த்தியா? ஒம்பது பாட்டு ஏத்தியும் ஒரு கிராம் கூடல. என் தங்கச்சி பாட்டுக்கு எடையே இல்லைன்னு சொல்றான்டா இந்தக் கம்பெனிக்காரன்!” என்று, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் முழங்கினார். பிரிட்ஜ் அனுப்ப வந்த ஒருவர் ஆமாம் என்று தலையை வேறு ஆட்டினார்.

அம்மா விடவில்லை. அவள் வேலை பார்க்கும் இயன்முறை சிகிச்சை நிலையத்தில், முழங்கால் வலிக்காரர்களுக்கு உங்கள் பாட்டைப் போட ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது பாட்டில் ஒரு நீள இழுப்பு இழுத்திருக்கிறீர்களாமே, அது முடியும்வரை காலைக் கீழே விடக்கூடாது என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறாள். அவர் பாதியிலேயே “இந்தப் பொண்ணு யாரு, எனக்கு என்ன விரோதம்?” என்று கேட்டாராம். உங்களுக்கு வந்த முதல் விமர்சனம் அதுதான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா பொறுமையாக விளக்கினாள். “போன் தொலைஞ்சாலும் பாட்டு தொலையாதுங்க. அது மேல, மேகம் மாதிரி ஒரு இடத்துல பத்திரமா இருக்கும். வேணும்கிறப்ப இறக்கிக்கலாம்.”

அப்பா கையை உதறினார். “மேகத்துலேர்ந்து இறங்கினா அதுக்குப் பேர் மழை. பாட்டு இல்ல.”

அத்தை, அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் மூளையில் மின்னல் வெட்டியது. அதற்குள் அப்பா சிடிக்கு ஆர்டர் கொடுத்து, அது செவ்வாய்க்கிழமை வந்து, மேலே சொன்ன உரிப்பு விழாவும் முடிந்து, அப்புறம்தான் வீட்டில் சிடி போடுகிற பொருள் எதுவுமே இல்லை என்பது தெரியவந்தது. டிவியில் ஓட்டை இல்லை. என் கம்ப்யூட்டரில் ஓட்டை இல்லை. அப்பா மிக்சியைக்கூட ஒரு பார்வை பார்த்தார். மிச்சம் இருந்தது ஆபீஸ் மினி லாரிதான். ஓட்டுபவர் ஹாரன் அண்ணன். ஆளே இல்லாத மைதானத்தில் ரிவர்ஸ் எடுத்தாலும் ஹாரன் அடிப்பார், அதனால் அந்தப் பெயர். சரக்கு இறக்கக் காத்திருக்கும்போது தூங்குவதற்காக அவர் வண்டியில் ஒரு சிடி வைத்திருப்பார். ஒரு மணி நேரம் வெறும் மழைச்சத்தம். பெயர் ‘மழை’. படம் குடை. புரிந்ததா? அப்பா சொன்ன மழையை அப்பாவுக்கே இறக்கிக் காட்ட முடிவு செய்தேன். செருப்பு மாட்ட அவர் குனிந்த நேரத்தில், உங்கள் சிடியை என் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தேன். அதை யாரும் திறக்கமாட்டார்கள், குறிப்பாக நான். லாரியில் ஏறியதும் மழை சிடியை உள்ளே தள்ளினேன்.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே சோவென்று மழை. அப்பா நடுவில், நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

“ஆரம்பமே நல்லா இருக்கே. மழைய வெச்சு எடுத்திருக்கா.”

“ஆமாப்பா, புது முயற்சி.”

பத்து நிமிடம் போனது. இடி இடித்தது. “இடி எடுத்துக் குடுக்குது பாரு. இப்பப் பாடுவா” என்றார். பாடவில்லை. ஹாரன் அண்ணன் பழக்க தோஷத்தில் ஸ்டீயரிங் மேல் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அப்பா காதைக் கூர்மையாக்கினார். “கூட யாரோ ஆம்பளை பாடறான் போலிருக்கே. கட்டைக் குரல். நல்லாத்தான் சேருது.” நான் சிரிப்பை அடக்க முடியாமல் டயரைப் பார்த்துவருவதாகச் சொல்லி இறங்கி ஓடி, வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். நாற்பது நிமிடம் அத்தை! கடைசியில் அப்பா கைக்குட்டையை எடுத்து இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. “என் தங்கச்சி என்னமாப் பாடியிருக்கா!” என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். வாழ்நாள் சாதனையாளர் விருது எனக்கு எங்கே வந்து தருகிறார்கள் என்று விசாரித்துச் சொல்லவும்.

நான் எந்தக் கட்சி என்று கேட்டால், டவுன்லோடு கட்சி. ஒன்பது பாட்டையும் தலைகீழாகக் கேட்டுவிட்டேன். ஒவ்வொன்றும் தேன், பாகு, இன்ன பிற.

சரி, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அட்டையின் கடைசி வரியை நான் மட்டும்தான் பார்த்தேன். ‘அண்ணன் ஒரு தடவையாவது கேட்டாரா என்று மட்டும் எழுதுடா.’ அப்பாவின் பார்சல் ஆபீஸ் கணக்கு நாற்காலியை விட்டுவிட்டுப் பாடப் போகிறேன் என்று நீங்கள் கிளம்பி மூன்று வருடம் ஆகிறது. போனில் அவர் உங்களிடம் சாப்பாடு, தூக்கம், வாடகை வீடு எல்லாம் கேட்கிறார், பாட்டை மட்டும் கேட்பதில்லை. எனக்கும் தெரியும். அதனால் நேர்மையான பதில்: இல்லை அத்தை, இன்னும் கேட்கவில்லை. கேட்டது மழையைத்தான். இதை எழுதும்போது என் விருது கொஞ்சம் கனக்கிறது. நாளைக்கே நிஜ சிடியைப் போட்டு உட்காரவைக்கிறேன், சத்தியம்.

உங்கள் குரலுக்கு நீண்ட ஆயுளும், சிடிக்குக் கீறல் படாத மேனியும், டவுன்லோடுக்குக் குறையாத சிக்னலும் கிடைக்க வேண்டும் என்று வயதில் சிறியவன் ஆனாலும் வாழ்த்துகிறேன். உங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
யாராலும் ஏமாற்ற முடியாத
திருகாணி

பி.கு.: அத்தை, மேலே உள்ளதில் பாதியை அடித்துவிடவும். இதைப் பார்சல் ஆபீஸ் கவுண்டரில் நின்றபடி, புக்கிங் பாரத்தின் பின்பக்கம் எழுதுகிறேன். உங்கள் ஊர் வண்டியில் கடிதத்தைப் போட மத்தியானம் வந்தேனா, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே உங்கள் பாட்டு. குனிந்து பார்த்தால், பெட்டிகளுக்கு நடுவில் அப்பா, ஸ்டேப்ளர்மேல் அவர் போனைச் சாய்த்துவைத்து, கூடவே பாடிக்கொண்டிருக்கிறார். சுருதி பக்கத்துத் தெருவில் இருந்தது, ஆனால் வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை.

“என்னடா முழிக்கிற?”

“அப்பா, இது டவுன்லோடுல்ல?”

“எடை போட்ட அன்னிக்கே உங்கம்மா என் போன்லயும் இறக்கிக் குடுத்துட்டா.”

“அப்ப அந்த மழை?”

“குடைப் படம் போட்ட சிடிய உள்ள தள்ற. எனக்குக் கண்ணு தெரியாதா? எவ்வளவு நேரம் தாங்கறேன்னு பார்த்தேன். நீ இருவது நிமிஷத்துல டயர் பார்க்க ஓடிட்ட. நான் நாப்பது. அதுக்குமேல சிரிப்பு கண்ணு வழியா வந்துருச்சு.”

“பின்ன எதுக்கு சிடி வாங்கினீங்க?”

“கேக்கறதுக்குப் போன். வர்றவன் போறவன்கிட்ட காட்டறதுக்குத் தகடு. கவுண்டர்ல வெக்கணும், புத்தகத்துலேர்ந்து எடுத்துட்டு வா.”

அத்தைக்கு எழுதட்டுமா என்றேன். நான் கேட்டேன்னு எழுதினா காலை ஒடிப்பேன் என்றார். ஆகவே நான் எழுதவில்லை, நீங்கள் படிக்கவுமில்லை.

இன்னொன்று. ஒன்பது பாட்டையும் தலைகீழாகக் கேட்டேன் என்றேனே, வாங்குவதற்கு முன்னால் இலவசமாக அரை நிமிடம் விடுவார்கள், அதைத்தான் கேட்டேன். தேன், பாகு எல்லாம் உத்தேசம். அதனால் அப்பா இப்போது சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கிளம்பப் போன என்னைத் திரும்பக் கூப்பிட்டு, ரசீதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அஞ்சாவது பாட்டுல, ரெண்டாவது அடி முடியறப்போ மூக்கடைச்ச மாதிரி இருக்கு. சளியோட பாடியிருக்கா. மருந்து சாப்பிட்டாளான்னு கேளு. நீ கேக்கற மாதிரி கேளு.”

நான்தான் கேட்கிறேன். மருந்து சாப்பிட்டீங்களா அத்தை?