அல்வா தின்ற பபூன்

கசானேயில் தப்புச் செய்கிறவனுக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. பழியைத் தூக்கிப் போட ஊர் முழுக்கக் குரங்கு இருக்கிறது. கார்க் கண்ணாடி உடைந்தால் குரங்கு. கொடியில் போட்ட சட்டையைக் காணோமென்றால் குரங்கு. ஆபீசுக்குத் தாமதமாகப் போனால் மட்டும் யானை. யானை ரோட்டை மறித்துக்கொண்டு நின்றது என்று சொன்னால் எந்த மேலதிகாரியும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார். அவரே அன்று காலை அதைச் சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்திருப்பார்.

இப்படி ஒரு வசதியை ஒன்பது வருஷமாக உபயோகிக்காமல் வீணடித்துவிட்டோமே என்று குருவிளா மாஸ்டர் வருந்திய நாள், ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்று.

குருவிளா கோட்டயத்துக்காரர். போட்ஸ்வானாவுக்கு வந்து, கசானேயில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மனைவி ஏலியம்மா அதே ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டிலும் நர்ஸ்தான். ஜூன் மாதம் குருவிளாவின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், 'இந்தச் சர்க்கரையில் கொஞ்சம் ரத்தமும் கலந்திருக்கிறது' என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். அன்றோடு வீட்டில் சர்க்கரை டப்பா ஒழிந்தது. ஜாம் பாட்டில் ஒழிந்தது. வாழைப்பழம்கூட எண்ணி வைக்கப்பட்டது.

அப்படிப்பட்ட வீட்டில் ஓணம் வந்தது. ஊரில் இருந்த ஆறு மலையாளிக் குடும்பங்களும் சேர்ந்து சாப்பிடுவதாக ஏற்பாடு. ஏலியம்மாவின் பங்கு கறுப்பு அல்வா. பிரான்சிஸ்டவுனிலிருந்து வெல்லம் வரவழைத்து, டப்பாத் தேங்காய்ப் பாலை ஊற்றி, மூன்று மணி நேரம் கிளறி, எவர்சில்வர் தூக்கில் அடைத்து அலமாரி உச்சியில் ஏற்றிவைத்தாள்.

"அச்சாயா, அது ஓணத்துக்கு."

"தெரியும்."

"நீங்க அலமாரிப் பக்கமே போகக் கூடாது."

"அலமாரியா? எந்த அலமாரி?"

பள்ளிக்கூடம் ஒன்றரை மணிக்கு விடும். ஆஸ்பத்திரி நாலரைக்கு விடும். நடுவில் மூன்று மணி நேரம் அந்த வீட்டில் குருவிளாவும் அல்வாவும் தனியாக.

செவ்வாய்க்கிழமை வெறுமனே பார்க்கத்தான் தூக்கை இறக்கினார். அல்வாவின் இடது ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தது. கணக்கு வாத்தியாரால் கோணலைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? கத்தியால் நேராக்கினார். இப்போது வலது ஓரம் கோணல். அதையும் நேராக்கினார். நாலு பக்கமும் தொண்ணூறு பாகை வருவதற்குள் கால்வாசி அல்வா உள்ளே போயிருந்தது.

அப்போதுதான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். மதில்மேல் ஒரு கிழட்டு பபூன் குரங்கு உட்கார்ந்திருந்தது. இடது காது கிழிந்தது. கையைப் பின்னால் ஊன்றிக்கொண்டு, வகுப்பை மேற்பார்வை பார்க்க வந்த மாதிரி ஒரு தோரணை. அதற்கு 'ஹெட்மாஸ்டர்' என்று பேர் வைத்ததே குருவிளாதான்.

மளமளவென்று காரியம் நடந்தது. ஜன்னல் திறந்தது. நாற்காலி கவிழ்ந்தது. அரிசி மாவு தரையெங்கும் தூவப்பட்டது. முள்கரண்டியால் கதவில் நாலு கீறல். ஐந்தாவது கீறல் கலைஞனின் ஆசைக்காக.

ஏலியம்மா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன அச்சாயா இது?"

"பபூன்! நான் கொஞ்சம் கண்ணசந்தேன். திடுதிப்புனு உள்ளே புகுந்துடுச்சு. நம்ம ஹெட்மாஸ்டர்தான்."

"அல்வா தின்னுச்சா?"

"என் கண் முன்னாடி!"

"கண்ணசந்தேன்னீங்களே?"

"ஒரு கண்தான் அசந்தது."

ஏலியம்மா தூக்கை எடுத்துப் பார்த்தாள். "தின்னுட்டு மூடியைத் திருப்பி மூடி வெச்சிருக்கு."

"எறும்பு வந்துடும்னு நினைச்சிருக்கும்."

"நாலு ஓரமும் ஸ்கேல் வெச்சு வெட்டின மாதிரி இருக்கு."

"அதான் ஹெட்மாஸ்டர்னு பேர் வெச்சேன்!"

ஏலியம்மா தூக்கை மறுபடி மூடினாள். "ஆமா. இந்த வீட்டுக்குள்ள ஒரு பபூன் இருக்கறது எனக்கும் தெரியும்" என்றாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. குருவிளாவுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு சுலபமா! புதன்கிழமையும் பபூன் வந்தது. வியாழக்கிழமையும் வந்தது. வெள்ளிக்கிழமை தூக்கில் தூக்கு மட்டும்தான் மிச்சம்.

அன்று சாயங்காலம் ஏலியம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே சொன்னாள்.

"நாளைக்கு ஹெட்மாஸ்டரைச் சுட வராங்க."

குருவிளாவுக்குப் புரை ஏறியது. "ஐயோ! அவருக்கு ரெண்டு பெண் குழந்தைங்க!"

"உங்க பள்ளிக்கூடத்து ஆளைச் சொல்லலை. மதில்மேல இருக்கற ஆளை. நாலு நாள் தொடர்ந்து வீட்டுக்குள்ள வந்தா அது ஆபத்தான குரங்காம். ர்ரா மொலேஃபி வரார். முப்பது வருஷம் காட்டுல தடம் பார்த்தவர். நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டா போதும்."

அந்த ஊரில் ஆண்பிள்ளைக்கு மரியாதைச் சொல் 'ர்ரா'. வந்த புதிதில் குருவிளா இதைக் கேட்டு, எல்லாரும் தன்னைத் தெலுங்கில் 'வாடா போடா' என்கிறார்கள் என்று மூன்று மாதம் கோபமாக இருந்தார். அவர் செட்ஸ்வானா பாஷை கற்ற லட்சணம் அவ்வளவுதான். ஏலியம்மா நோயாளிகளோடு பேசிப் பேசி அந்தப் பாஷையில் சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. தின்றது யார், சாகப்போவது யார்!

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மொலேஃபி வந்தார். ஆறடி உயரம். நரைத்த தாடி. காக்கிக் கால்சட்டை. கையில் ஒரு தடி, ஒரு கட்டுக் காகிதம். ஏலியம்மாவும் அவரும் செட்ஸ்வானாவில் ஐந்து நிமிஷம் பேசினார்கள். சிரித்தார்கள். பிறகு மொலேஃபி குருவிளாவைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"துப்பாக்கி எங்கே?" என்று குருவிளா மெதுவாகக் கேட்டார்.

"வண்டியில இருக்காம்."

மொலேஃபி குனிந்தார். வாசல் புழுதியில் பதிந்திருந்த ஒரு தடத்தைச் சாண்போட்டு அளந்தார். ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றார்?"

"பெரிய ஆண் குரங்காம். வயசு ஐம்பதுக்கு மேலேயாம்."

"குரங்கு அவ்வளவு வருஷம் இருக்குமா?"

"அதான் அவருக்கும் ஆச்சரியமா இருக்காம்."

மொலேஃபி மறுபடி அளந்தார். இரண்டு விரலைக் காட்டி நீளமாக ஏதோ பேசினார்.

"ரெண்டு காலால நடக்குதாம். தொந்தி கனம் முன்னாடி இழுக்கறதால குதிகால் பதியலையாம். இடது காலில செருப்பு வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியிருக்காம்."

குருவிளா இடது காலை மெல்ல வலது காலுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அதெல்லாமா தெரியும்?"

"முப்பது வருஷ அனுபவமாச்சே! ரொம்பச் சோம்பேறிக் குரங்காம். மரமே ஏறாதாம். மத்தியானம் குறட்டை விடுமாம்." ஏலியம்மா காகிதத்தை நீட்டினாள். "சரி, கையெழுத்தைப் போடுங்க. அவர் வேலையை முடிச்சுட்டுப் போகட்டும்."

குருவிளா பேனாவை வாங்கினார். மதிலைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் வெயிலில் உட்கார்ந்து வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது. ஒரு குட்டி வந்து அதன் முதுகில் ஏறியது. அது கோபித்துக்கொள்ளவில்லை. குட்டியை இழுத்து மடியில் போட்டுப் பேன் பார்க்க ஆரம்பித்தது. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து குருவிளாவைப் பார்த்தது. இருபத்தாறு வருஷமாகக் காப்பியடிக்கிற பையன்களைப் பிடித்தவர் அவர். குற்றமில்லாத முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

பேனா கீழே விழுந்தது.

"சுட வேண்டாம்!" என்று பதற்றத்தில் மலையாளத்திலேயே அலறி, பாய்ந்து மொலேஃபியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான்தான்! நான்தான் தின்னேன்! செவ்வாய்க்கிழமை கால்வாசி, மிச்சம் மூணு நாளில மிச்சம்! கீறல் போட்டதும் நான்தான்! அது பாவம், வாயில்லாத ஜீவன்!" கண்ணீர் தாரையாக ஓடியது.

மொலேஃபி திகைத்துப்போய் ஏலியம்மாவைப் பார்த்தார். அவள் செட்ஸ்வானாவில் ஒரே ஒரு வரி சொன்னாள். மொலேஃபியின் கண்களும் கலங்கிவிட்டன. அவர் குருவிளாவின் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"மன்னிச்சுட்டாரா?"

"மன்னிச்சுட்டார். புகாரை வாபஸ் வாங்க இந்தத் தாளில கையெழுத்துப் போடணுமாம். அடியில."

"எல்லாம் அவங்க பாஷையில இருக்கு. ஆனா இதில ஆஸ்பத்திரி முத்திரை இருக்கே, ஏலிக்குட்டி?"

"சுட்டிருந்தா எங்கே கொண்டுபோயிருப்பாங்க?"

குருவிளா கையெழுத்துப் போட்டார். அவள் திட்டவே இல்லை. மத்தியானம் மீன் குழம்பு வைத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஓணத்துக்கு வேறு யாரோ வீட்டில் கிளறி வைத்திருந்த அல்வா வந்திறங்கியது. அதைப் பார்த்தும் குருவிளாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓர் உயிரைக் காப்பாற்றிய பெருமையில் இருந்தார்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குக் கதவு தட்டப்பட்டது. குருவிளா லுங்கியை இறுக்கிக்கொண்டு போய்த் திறந்தார். வாசலில் மொலேஃபி. அவருக்குப் பின்னால் மஞ்சள் பனியன் போட்ட பன்னிரண்டு பெரிய பெண்மணிகள். குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குட் மார்னிங், ர்ரா" என்றார் மொலேஃபி. பிசிறில்லாத இங்கிலீஷ்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"நீங்க கேக்கவே இல்லையே! உங்க வீட்டம்மா எங்க பாஷையை அவ்வளவு அழகாப் பேசறாங்க, நானும் அதிலேயே பேசிட்டேன்." கையிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார். புத்தம்புதுக் கேன்வாஸ் ஷூ. "போட்டுப் பாருங்க. சனிக்கிழமை வாசல்ல கால்தடத்தை அளந்து வாங்கினது. ஒன்பதாம் நம்பர்."

"இது எதுக்கு?"

"தினமும் ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டாமா? சர்க்கரை வியாதிக்காரங்க நடைக் கூட்டம், ஆஸ்பத்திரியில நடத்தறது. ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்களே!"

குருவிளா திரும்பிப் பார்த்தார். ஏலியம்மா தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு மாதமாக இனிப்பே கண்ணில் காட்டாதவள், கடைசியில் அவருக்குக் கொடுத்தேவிட்டாள் அல்வா.

"அப்போ துப்பாக்கி? குரங்கு?" என்றார் ஈனஸ்வரத்தில்.

"எந்தக் குரங்கு?" மொலேஃபி புரியாமல் பார்த்தார். பிறகு குனிந்து, பாசத்தோடு குருவிளாவின் ஷூ கயிற்றைக் கட்டிவிட்டபடி சொன்னார்:

"நாலு வருஷமா இந்தக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கறேன், ர்ரா. என்னையும் சேர்த்துக்கோங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுத ஒரே ஆள் நீங்கதான்."