பச்சை டிக் பேர்வழி

கேள்வி கேட்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. பதிலைத் தெரிந்துகொள்ளக் கேட்பவர்கள் ஒரு ரகம். பதில் வருகிறதா என்று பார்க்க மட்டும் கேட்பவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்துக்குப் பச்சை டிக் பேர்வழி என்று பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். "எப்படி இருக்கீங்க?" என்பார், "காலை உடைச்சுக்கிட்டேன்" என்று நீங்கள் மாவுக்கட்டைக் காட்டுவதற்குள், "ரொம்ப சந்தோஷம்" என்று அடுத்த ஆளிடம் போயிருப்பார்.

இந்த இனத்தில் சொக்கத்தங்கம் ஒருவர் இருக்கிறார். நம்மவர் என்றே அழைப்போம். மென்பொருள் கம்பெனியில் சோதனை அதிகாரி. அங்கே இணையப் பக்கங்களை வரைந்து தரும் சட்டகம், அதாவது ஒரு மென்பொருள், உண்டு. வாடிக்கையாளரோ, ரசீதோ, விண்ணப்பமோ, எந்தப் பொருள் அதன் படிவத்தில் வந்து உட்கார நினைத்தாலும் ஆறு கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். உன் பெயர் என்ன? உன்னைச் சேமித்தாயிற்றா? உன் அடையாள எண் என்ன? முகவரியில் உன்னை எப்படி எழுதுவது? பக்கத்தின் எந்தத் துண்டில் உன்னைக் காட்டுவது? கடைசியாக, உன்னிடம் ஏதாவது பிழை உண்டா? இந்த ஆறையும் கேட்டு, கேட்ட வடிவத்தில் பதில் வந்தால் பச்சை டிக் போடுவதுதான் நம்மவர் உத்தியோகம். பதில் உண்மையா? அதைச் சோதனை கேட்பதில்லை. அவரும் கேட்பதில்லை.

எதிர் மேஜையில் இருக்கும் நிரல் எழுதும் பெண்ணுக்குக் குறும்பு அதிகம். ஒரு நாள் 'தலையாட்டி' என்று ஒரு பொருளை எழுதி அனுப்பினாள். உள்ளே சரக்கே கிடையாது. சேமித்தாயிற்றா என்றால் ஆமாம் என்னும், பிழை உண்டா என்றால் இல்லை என்னும், அத்துடன் அதன் வாழ்க்கை முடிந்தது. நம்மவர் சோதித்தார். ஆறுக்கு ஆறு. பச்சை!

"சார், அது எதையுமே சேமிக்காது சார்! சும்மா ஆமான்னு சொல்லும், அவ்வளவுதான்!"

"பதில் வந்துச்சா இல்லையாம்மா?"

"வந்துச்சு. ஆனா பொய்யாச்சே!"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

இந்த வாசகம் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய், அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லிக் காட்டினார், மறுநாளும் சொன்னார், வாரக் கடைசியில் மகளிடம் ராகம் போட்டுச் சொன்னார். மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. குழாயில் ரத்தம் இருக்கிறது, டிக், என்று அனுப்பினால் அங்கே சீட்டு கிழிந்துவிடும். அவர் சிரிக்கவில்லை. மனதில் மட்டும் குறித்துக்கொண்டார்.

நம்மவருக்கு இந்தப் பூமியில் உயிர் இரண்டு. ஒன்று, அவர் குடியிருக்கும் தரைத்தள வீடு. படி ஏறினால் முழங்கால் கச்சேரி வைக்கும். மற்றொன்று, ஜன்னலோரச் சாய்வு நாற்காலி. பதினோரு வருடம் உட்கார்ந்து அவர் உருவத்துக்கே அதில் பள்ளம் விழுந்திருந்தது. அதில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் அன்றைய டிக்குகளைத் தடவிப் பார்ப்பதுதான் அவருக்குச் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தின் வாசலில் நின்றுதான் மனைவி ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க, சுவரெல்லாம் ஈரம் ஏறுது. பாப்பாவுக்கு இருமல் நிக்கவே இல்ல. வீடு மாத்திடலாமா?"

"ம்."

"எங்க அக்கா வீட்டுக்கு எதிர்லயே ஒண்ணு காலியா இருக்கு. பாக்கட்டுமா?"

"ம்ம்."

"மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பரவாயில்லையா?"

"சரி சரி."

"இந்த நாற்காலி அந்தப் படியில ஏறாது. யாருக்காவது குடுத்துடலாமா?"

"ஆகட்டும்."

"சனிக்கிழமை காலைல வண்டி வரச் சொல்லட்டுமா?"

"சொல்லு."

"ஏதாவது ஆட்சேபணை உண்டா?"

"ஒண்ணுமில்ல."

சனிக்கிழமை காலை. காலிங்பெல் அடித்தது. நம்மவர் கதவைத் திறந்தார். நான்கு தடியர்கள், கயிறு, அட்டைப்பெட்டி. வந்த வேகத்தில் ஒருவன் பீரோவின் இடுப்பைப் பிடித்தான். இன்னொருவன் சாய்வு நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, கிரீடம் சூடிய ராஜா மாதிரி, அதை வாங்கிக்கொள்ளக் காத்திருந்த எதிர்வீட்டுக்காரரை நோக்கி நடந்தான்.

"டேய், டேய்! அது என் நாற்காலி! யாரைக் கேட்டு எடுக்கிறீங்க?"

"உங்களைத்தான்" என்றார் மனைவி. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். ஆறு கேள்வி. எதிரே தேதி. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், மகளின் ஸ்கெட்ச் பேனாவில், குண்டு குண்டாகப் பச்சை டிக்.

நம்மவர் படித்தார். மூன்றாவது வரியில் முழங்கால் தானாகவே வலித்தது.

"நான் ஏதோ சும்மா 'ம்'னு..."

"பதில் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஆனா மனசார சொல்லலையே!"

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து, ராகம் போட்டு:

"அது வேற டிபார்ட்மெண்ட்!"

பீரோ தூக்கியவன் சிரித்த சிரிப்பில் பீரோ தாளம் போட்டது. அன்று நம்மவர் ஐம்பத்துநான்கு படிகளை ஏழு முறை ஏறினார். எட்டாவது முறை, கையில் தலையணையுடன் மேல்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டிலிருந்து மனைவியின் அக்கா எட்டிப் பார்த்தார். "என்ன மாப்பிள்ளை, வீடு பிடிச்சிருக்கா?"

"ம்" என்றார் நம்மவர். உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது: "டிக்!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒரு சின்ன விஷயம். தலையாட்டிக்கும் சாய்வு நாற்காலிக்கும் இடையில் நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களை ஏதோ கேட்டார்கள். நீங்களும் "ம்" என்றீர்கள்.

என்ன கேட்டார்கள்?

முதலில் எழுந்து போய் உங்கள் நாற்காலி இருக்கிறதா என்று பாருங்கள். ஓ, அதில்தான் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காலிங்பெல் அடிக்கிறது.