என் பிரவுசரும் அத்தையின் செயின் மெஷினும்

அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் தேதியைப் பார்ப்பதற்கு முன் அச்சுப்பிழையைத் தேடுவேன். இப்படிப்பட்டவளுக்குப் பிரவுசர் தயாரிக்கும் கம்பெனியில் வேலை கிடைத்தால் என்ன ஆகும்? (வீடு தாங்காது.)

தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே வேலை. இணையப் பக்கங்களை எப்படி எழுத வேண்டும் என்று உலகத்துக்கே பொதுவான விதிகள் உண்டு. பழைய சைட்டுகள் பல அவற்றைச் சட்டை செய்வதில்லை. பிரவுசர்கள்தான் போனால் போகிறது என்று அட்ஜஸ்ட் செய்துகொண்டு காலத்தை ஓட்டுகின்றன. எனக்கு அது பொறுக்கவில்லை. விதியில் இல்லாத ஒரு பழைய வசதியை எங்கள் பிரவுசரிலிருந்து வெட்டி எறிந்தேன்.

"எத்தனை பழைய சைட் உடையும்னு பாத்தீங்களா கவிதா?" என்று கேட்டார் டீம் லீடர் ரமேஷ்.

"உடையட்டும் சார். அப்பதான் திருந்துவாங்க."

சோதனைப் பதிப்பில் மட்டும் விட்டுப் பார்க்கலாம் என்று அவர் சம்மதித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே அந்தப் பதிப்பை என் போன், கணவர் போன் இரண்டிலும் ஏற்றி, மற்ற பிரவுசர்களை எல்லாம் எடுத்துவிட்டேன்.

அந்த வாரம் ஒரத்தநாடு பக்கம் மாமியார் ஊருக்குப் போயிருந்தோம். போனதும் அத்தையின் போனிலும் அதே வேலையைச் செய்தேன். அத்தை ஐந்து ஏக்கர் குறுவை நெல்லைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவர். கதிர் முற்றித் தலை கவிழ்ந்து நின்றது. வயலில் ஈரம். டயர் வண்டி இறங்காது. செயின் போட்ட அறுப்பு மெஷின்தான் வேண்டும். வட்டாரத்துக்கே அது இரண்டுதான். மெஷின்காரர்கள் சேர்ந்து முன்பதிவுக்கு ஒரு சைட் வைத்திருந்தார்கள். காலை ஒன்பதுக்குத் திறந்தால் கால் மணி நேரத்தில் அந்த வாரமே நிரம்பிவிடும். கிழக்கே வானம் கறுத்திருந்தது. அன்று விட்டால் பயிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும்.

ஒன்பது மணிக்கு அத்தை பேரைப் போட்டார், ஏக்கரைப் போட்டார். அடுத்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டினார். மறுபடி தட்டினார்.

"ஏம்மா கவிதா, நம்ம ஊரே வரமாட்டேங்குதே?"

வாங்கிப் பார்த்தேன். அந்த ஊர்ப் பட்டியல், நான் வெட்டிய அதே வசதியை நம்பித்தான் இருந்தது! பதறியிருக்க வேண்டாமா? எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா அத்தை? தப்பு அவங்க மேலதான். விதியில இல்லாத மாதிரி எழுதியிருக்காங்க."

"சரிம்மா, தப்பு அவங்களுதாவே இருக்கட்டும். நெல்லு நம்மளுதாச்சே?"

நான் எங்கே கேட்டேன்? சைட்காரர்களுக்கு அவர்கள் பிழையை விளக்கி மூன்று பத்தியில் மெயில் அடித்துக்கொண்டிருந்தேன். கணவர் தன் போனில் முயன்றார். அதே கதை. என் போனிலும் அதே கதை. மணி ஒன்பது பத்து. அத்தை வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்போதுதான் மெயிலைப் பாதியில் நிறுத்தினேன்.

அத்தை விறுவிறுவென்று பக்கத்து வயலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். வரப்பில் நின்றிருந்தார் அந்த வயல்காரர் சுலைமான் பாய். கையில் திரை விரிசல் விட்ட போன், அதில் ஆதிகாலத்துப் பிரவுசர்.

"இப்பத்தான் போட்டேன்க்கா, நாளைக்குக் காலையில மெஷின் வருது. இருங்க, உங்களுக்கும் பாக்குறேன். அடடா, எல்லாம் ஃபுல்லாயிடுச்சே!"

"அந்த சைட்டையே தப்பா எழுதியிருக்காங்க பாய்" என்றேன். (அப்போதும் வாய் நிற்கவில்லை.)

"அப்படியாம்மா? எனக்கு நல்லாத்தானே வருது!" என்றவர், அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன்க்கா கலங்குறீங்க? மெஷின்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். முதல்ல உங்க வயல்ல எறக்குவோம், அது பள்ளம். நம்மளுது மேடு, கொஞ்சம் தாங்கும்."

மறுநாள் மத்தியானத்துக்குள் எங்கள் வயலும், பொழுது சாய்வதற்குள் பாய் வயலும் அறுத்து முடிந்தன. அதற்குப் பிறகுதான் மழை பிடித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ரமேஷ் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நெல்லு நனையாம தப்பிச்சுதா?" என்று மட்டும் கேட்டார். வெட்டியதை நானே திரும்ப ஒட்டினேன். விதியை இன்றும் விட்டுவிடவில்லை. ஆனால் எதையும் வெட்டுவதற்கு முன் யார் அதை நம்பிப் பிழைக்கிறார்கள் என்று பார்க்கிறேன். சைட்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் மாற்றும் வரை காத்திருக்கிறேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன்.

அத்தை மட்டும் விடுவதாக இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "நம்ம மருமகளுக்குப் பெரிய கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் காலையில இந்த ஊரையே இல்லாம ஆக்கிட்டான்னா பாத்துக்குங்க" என்றுதான் என்னை அறிமுகம் செய்கிறார். கணவர் அதற்கு மேல். ஒவ்வொரு முறை ஊருக்குக் கிளம்பும்போதும் என் காதுபட அத்தைக்குப் போன் போட்டு, "அம்மா, ஊரு இருக்கா?" என்று கேட்கிறார்.

"இருக்குடா. அவ இன்னும் கை வைக்கல. சீக்கிரம் வாங்க."